பன்னிரண்டு தையல்

தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திப் பதினோரு நாள் ஆகியும் அந்தக் கிமோனோ காயவில்லை.

முதலில் தமோட்சு அதைப் பொருட்படுத்தவில்லை. வீட்டின் வடக்குப் பக்கத்தில் வெயில் விழாது. ஜனவரி மாதம். கடல் கூப்பிடு தூரத்தில். காற்றே ஈரத்துணி மாதிரி முகத்தில் ஒட்டும். ஊர்க்கோடியில் இருக்கும் வானிலை நிலையத்தில் அவனுக்கு வேலை. ஒரு துணி ஏன் காயவில்லை என்று கேட்டால் எண்களோடு பதில் சொல்லக்கூடியவன். ஆனால் அந்தச் சனிக்கிழமை காலை அவன் பின்பக்கம் வந்தபோது கூரை விளிம்பில் பனி விரல் விரலாகத் தொங்கியது. வாளித் தண்ணீர் கல்லாகி, மூங்கில் அகப்பை அதில் செருகி நின்றது. சுவரோரம் கிடந்த துடைப்பம்கூட விறைத்துப் போயிருந்தது. கிமோனோ மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

டொக். நீண்ட இடைவெளி. டொக்.

காயாததற்குக் காரணம் சொல்லிவிடலாம். உறையாததற்கு?

அது அவன் மனைவி மிட்சுயே கடைசியாக உடுத்தியது. மகள் சாயோ பிறந்த மூன்றாம் நாள் காய்ச்சலில் போனாள். நாற்பத்தொரு நாள் ஆகிறது. செத்தவர் கடைசியாக உடுத்திய கிமோனோவை அலசி, இரண்டு கைகளுக்குள்ளும் மூங்கிலைக் கொடுத்து, வடக்குப் பார்த்துத் தொங்கவிட வேண்டும். நாற்பத்தொன்பதாம் நாள்வரை காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற வேண்டும். காய விடக் கூடாது. அவர்கள் நடந்து போகும் வழி சுடுமாம். துணி நனைந்திருக்கும்வரை அங்கே தாகம் தெரியாதாம். மிட்சுயேவின் அக்கா தொகியே சொன்னாள். அவன் தலையாட்டினான். அந்த நாட்களில் யார் என்ன சொன்னாலும் தலையாட்டினான். முப்பது நாள் ஊற்றினான். அடுத்த நாள் மறந்துபோனது. அதற்கும் அடுத்த நாள் மறக்கவில்லை. வாளிவரை போய், அகப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல அதில் ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை. அவனுக்கு இன்னும் அழுகைகூட வரவில்லை.

வாசல் கதவு இழுபட்டது.

"வானிலை ஆபீசர் வீட்டு வாசல்ல முழங்கால் அளவு பனி. தள்ளிவிட ஆளக் காணோம்." தொகியே கால்களை உதறிக்கொண்டு உள்ளே வந்தாள். "நேத்து ரேடியோவுல லேசான பனின்னீங்களே தம்பி?"

"அது நான் சொல்றதில்லக்கா. தலைமை ஆபீஸ்."

"யார் சொன்னா என்ன, உடையறது என் இடுப்பு."

இரண்டு தெரு தள்ளி அவளும் அவள் கணவரும் டோஃபு கடை நடத்தினார்கள். அவள் கைகளில் எப்போதும் வெந்த சோயாவின் வாசனை இருக்கும். தினமும் காலையில் வந்து, அவன் வேலையிலிருந்து திரும்பும்வரை குழந்தையைப் பார்த்துக்கொள்வாள். இப்போதும் நேராகப் போய் சாயோவைத் தூக்கினாள். தூக்கும்போதே மூச்சு வாங்குவது போல நடித்தாள்.

"அடி போக்கிரி! என்ன கனம் கனக்கற! ராத்திரி பூரா குடிச்சியா?" பிறகு அவனிடம், "நல்லாப் புகட்டறீங்க தம்பி. எம் பசங்க ரெண்டு பேரும் இந்த வயசுல இதுல பாதிகூட இல்ல. நீங்க ஒடிஞ்சு போயிருவீங்களோன்னு பயந்தேன், உண்மையச் சொல்லணும்னா."

அவன் பால் பாட்டிலை எடுத்துக் கழுவப் போட்டான். ராத்திரி இரண்டு முறை பால் கரைத்திருந்தான். இரண்டு முறையும் சாயோ வாயை இறுக மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பகலில் அக்காவிடம் வயிறு நிறையக் குடித்துவிடுகிறாள் என்று அவனாக முடிவு கட்டியிருந்தான்.

"ஊத்திட்டீங்களா?" தொகியே மோவாயால் வடக்கைக் காட்டினாள்.

"ம்."

"பார்த்தேன். தொப்பலா நனைஞ்சிருக்கு. அவளுக்கு எப்பவும் தாகம் ஜாஸ்தி." குழந்தையின் தலையை முகர்ந்துகொண்டே பேசினாள். "அந்த அம்பு இறகு போட்ட கிமோனோ துணிய நான்தான் எடுத்தேன், தெரியுமா? எய்த அம்பு திரும்பி வராதாம். கல்யாணப் பொண்ணுக்கு அதைக் கட்டி அனுப்பினா அவளும் பொறந்த வீட்டுக்குத் திரும்பி வர மாட்டாளாம். எங்க! வாரத்துக்கு மூணு தடவ வந்து என் ஊறுகா ஜாடியக் காலி பண்ணிட்டுப் போனா."

சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டு அடுப்பங்கரைப் பக்கம் போய்விட்டாள்.

அன்று காலை நிலையத்தில் தமோட்சு எல்லாக் கருவிகளையும் வழக்கம்போலப் பார்த்து எழுதினான். மைனஸ் மூன்று. வடமேற்குக் காற்று. சாயங்காலம் கனத்த பனி. அரை நாள் வேலை முடிந்து கிளம்பும்போது அலமாரியிலிருந்து ஒரு வெப்பமானியை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான். ஏன் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

மதியம் அவன் வந்ததும் தொகியே கடைக்குக் கிளம்பினாள். "டோஃபு பொரிக்க எண்ணெய் காய வச்சிருப்பார் மனுஷன். மூணு மணிக்கு மேல எட்டிப் பார்க்கறேன். பிள்ள இப்பத்தான் தூங்கினா. எழுப்பிடாதீங்க."

அவள் காலடி தெருவில் அடங்கும்வரை நின்றான். பிறகு வடக்குப் பக்கத்துத் தாழ்வாரத்தில் இருந்த மரத்தடுப்பை நகர்த்திவிட்டுப் பின்பக்கம் இறங்கினான்.

வெளிச்சம் சாம்பல் நிறத்தில் இருந்தது. பக்கத்து வீட்டின் வேலி, அதற்கப்பால் காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்த பைன் மரங்கள், அதற்கப்பால் கடலின் இரைச்சல். மூங்கிலில் கைகளை விரித்துக்கொண்டு அது தொங்கியது, அவனுக்கு முதுகைக் காட்டி. கருநீலத் துணியில் வெள்ளை அம்பு இறகுகள் வரிசை வரிசையாக மேலேறின. நனைந்ததில் நீலம் ஏறக்குறைய கறுப்பாகி, இறகுகள் தனியே மிதப்பது போலத் தெரிந்தன. அவன் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனான். அப்போதுதான் கவனித்தான். தண்ணீர் ஊற்றிய துணி என்றால் கீழ்விளிம்பில்தானே சொட்ட வேண்டும். கீழ்விளிம்பு ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். சொட்டு மேலே, மார்பு மடிப்பில் திரண்டு, மெல்லக் கனத்து, அங்கிருந்து நேராகத் தரையில் விழுந்தது. இரண்டு இடங்களில். விழுந்த இடத்தில் பனி இரண்டு சிறு குழிகளாக உருகியிருந்தது. குழிகளின் ஓரம் வெளுத்த மஞ்சளாக இருந்தது.

வாசனை வந்தது. இனிப்பு, லேசான புளிப்பு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மிட்சுயே மார்பில் துணி நனைந்ததைப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் வருது, இவ்வளவு நாள் எங்க இருந்துச்சோ" என்று வெட்கத்தோடு சொன்னாள். மறுநாள் காய்ச்சலில் அவளுக்கு நினைவு தப்பிவிட்டது.

வெப்பமானியை மார்பு மடிப்புக்குள் செருகினான். கையை உடனே எடுத்துக்கொண்டான். மூன்று நிமிடம் காத்திருந்தான். தொழில் பழக்கம்.

முப்பத்தாறு புள்ளி எட்டு.

உதறினான். மறுபடி வைத்தான். முப்பத்தாறு புள்ளி எட்டு. கருவி பழுதாக இருக்க வேண்டும். காற்றில் பிடித்தான். பாதரசம் சரசரவென்று இறங்கி, குமிழுக்குள் போய் ஒளிந்துகொண்டது.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவன் உள்ளே ஏதோ சந்தோஷப்பட்டது. கையை மறுபடி அந்த மடிப்புக்குள் வைத்து முகத்தையும் புதைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. இத்தனை நாளில் முதல் தடவையாக அவனுக்கு ஏதோ வேண்டியிருந்தது. அந்த எண்ணம்தான் அவனைப் பயமுறுத்தியது. பின்னால் அடி வைத்து, பிறகு திரும்பி, ஏறக்குறைய ஓடி வீட்டுக்குள் வந்தான்.

சாயோ விழித்திருந்தாள். அழவில்லை. மெத்தையில் மல்லாந்து, கால்களை மெல்ல உதைத்துக்கொண்டு, நிறைந்த வயிற்றோடு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உதடுகள் நீலமாக இருந்தன.

எப்படி அவளைத் தூக்கினான் என்று அவனுக்குத் தெரியவில்லை. மார்போடு அழுத்தினான். பெயர் சொல்லிக் கத்தினான். மூச்சு இருந்தது. கன்னம் கதகதப்பாக இருந்தது. நாடி ஒழுங்காக அடித்தது. சட்டைக்கை நுனியை எச்சிலில் நனைத்து உதட்டைத் துடைத்தான்.

நீலம் சட்டையில் வந்தது.

அது சாயம். துணிச்சாயம். வாயைச் சுற்றி வட்டமாக, ஒரு கன்னத்தில் நீளமாக, நனைந்த துணியில் முகத்தை அழுத்தி வைத்திருந்ததுபோல. தமோட்சு தலையைத் திருப்பினான். தாழ்வாரத்திலிருந்து மெத்தைவரை தரைப்பாயில் ஒரு ஈரத்தடம் இருந்தது. கால் தடம் இல்லை. ஒரு கிமோனோவின் கீழ்விளிம்பு தரையில் புரண்டு வந்தால் எவ்வளவு அகலம் இருக்குமோ அவ்வளவு அகலம். அவன் ஓடி வந்த வழியும் அதேதான். அவன் காலுறைக்கு அடியில் ஈரம் இப்போதுதான் சுட்டது.

அவன் வாசலைப் பார்த்து உட்கார்ந்தான். குழந்தையை மடியிலிருந்து இறக்கவில்லை.

தொகியே வந்ததும் ஒரே மூச்சில் சொன்னான். வெப்பமானியில் ஆரம்பித்துப் பின்னோக்கிப் போனான். கடைசியில் சொல்ல வேண்டியது மட்டும் நாக்கில் நின்றது.

"அக்கா, நான் ஊத்தறதில்ல. பதினோரு நாளாச்சு."

"என்ன சொல்றீங்க?"

"நீங்கதான் ஊத்தறீங்கன்னு நெனச்சுக்கிட்டேன். பாதி நெனச்சேன், பாதி நெனைக்கல."

"நான் அதைத் தொட்டதே இல்ல தம்பி. புருஷன் கையாலதான் ஊத்தணும்." அவள் குரல் தணிந்தது. "பிள்ளைக்கு ராத்திரி எவ்வளவு பால் குடுக்கறீங்க?"

"எங்கிட்ட ஒரு வாய் குடிக்க மாட்டேங்கறா. பகல்ல உங்ககிட்டதானே..."

"எங்கிட்டயும் இல்ல. நான் வர்றப்பவே வயிறு நிறைஞ்சு இருக்கு. பாட்டில வச்சா மூஞ்சியத் திருப்பறா. நீங்க ராத்திரி பூரா குடுத்துட்டீங்கன்னு..."

அவள் எழுந்து போய் அலமாரியிலிருந்து பால்பொடி டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறந்து அவன் பக்கம் சாய்த்தாள். மூன்று வாரத்துக்கு முன் வாங்கியது. நாலு விரல்கூடக் குறையவில்லை.

பின்பக்கம் சொட்டியது. டொக். டொக். முன்பைவிட வேகமாக.

"கழட்டி எரிச்சிடறேன்" என்றான்.

"ஈரமா இருக்கறப்போ கழட்டினா அவ எங்க போவா? இங்கதான் இருப்பா." தொகியே குழந்தையின் வாயைத் தன் விரலால் துடைத்தாள். போகாத இடத்தில் இன்னும் கொஞ்சம் நீலம் இருந்தது. "நாப்பத்தொம்பதாம் நாள் அவ கெளம்பியாகணும். இன்னும் எட்டு நாள். கெளம்பிருவா. எனக்குப் பயம் அதில்ல தம்பி. வெறுங்கையோட கெளம்புவாளான்னுதான்."

தமோட்சு கைகளை இறுக்கிக்கொண்டான். சாயோ முனகினாள். நாற்பத்து நாலு நாளாக அவன் இந்தக் குழந்தையைக் கழுவினான், துடைத்தான், துணி மாற்றினான், யாரோ கொடுத்து வைத்த சாமானைப் பார்த்துக்கொள்வது மாதிரி. இப்போது அவளுடைய கனம் முழுவதும் அவன் கையில் இருந்தது. இவ்வளவு கனமா இவள்?

"திருப்புங்க, பார்ப்போம்" என்றாள் தொகியே.

குழந்தையின் சின்னக் கிமோனோவை அவள் முதுகுப் பக்கம் தடவினாள். சணல் இலை போட்ட துணி. சணல் நேராகவும் வேகமாகவும் வளரும் என்பதால் பச்சைக் குழந்தைக்கு அதைத்தான் போடுவார்கள். பிரசவத்துக்கு முன்பே மிட்சுயே தைத்து வைத்தது.

"பெரியவங்க துணின்னா முதுகுல நடுவுல ஒரு தையல் ஓடும். பின்னால எது வந்தாலும் அது காவல். பிள்ளைக்கு ஒத்தை அகலத் துணி, அதுல நடுத்தையல் கெடையாது. அதனாலதான் மேல காப்புத்தையல் போடறது. பொறக்கறதுக்கு முந்தி போட முடியாது, ஆணுக்கு ஒரு பக்கம் சாயணும், பொண்ணுக்கு ஒரு பக்கம். அவ விட்டுட்டுப் போனத நான் போட்டிருக்கணும். கோயிலுக்குத் தூக்கிட்டுப் போற அன்னிக்குப் போட்டுக்கலாம்னு இருந்துட்டேன். என் புத்தியச் செருப்பால அடிக்கணும்."

"இப்பப் போடுங்க."

"சிவப்பு நூல் வேணும். வீட்டுல இருக்கு." அவள் ஏற்கெனவே தலையில் துண்டைக் கட்டிக்கொண்டிருந்தாள். "கழுத்துக்குக் கீழ நேரா ஏழு தையல். அங்கருந்து சாய்வா அஞ்சு. மீதி நூல நீளமாத் தொங்க விடணும். பிள்ள நெருப்புலயோ தண்ணியிலயோ விழப்போனா, சாமி அந்த நூலப் புடிச்சுத்தான் தூக்கும். அரை மணி நேரத்துல வந்துடறேன். காப்பில்லாம பிள்ளைய வாசல் தாண்டித் தூக்கிட்டு வந்துடாதீங்க. கீழயும் வைக்காதீங்க."

போனாள். பனி கொட்ட ஆரம்பித்தது.

அரை மணி ஆனது. முக்கால் ஆனது. அவன் தாழ்வாரத்து மரத்தடுப்பை இழுத்துச் சாத்தி, குறுக்குக் கட்டையைப் போட்டான். விளக்கைப் போட்டான். நாலரை மணிக்கே சன்னலில் கண்ணாடிக்குப் பதில் ஒட்டிய காகிதம் நீலமாகி, பிறகு சாம்பலாகி, வெளியே இருந்த ஓசைகள் எல்லாம் பனிக்குள் அமுங்கிப் போயின, கடல்கூடக் கேட்கவில்லை, மண்ணெண்ணெய் அடுப்பின் மெல்லிய சீறலும், குழந்தையின் மூச்சும், பின்பக்கத்தில் அந்தச் சொட்டும்தான். அவன் சொட்டுகளை எண்ணினான். எண்ணிக்கொண்டே இருந்தபோது நின்றுவிட்டது.

காத்திருந்தான்.

அடுத்த சொட்டு விழவில்லை.

அதற்குப் பதில் மூங்கில் முனகியது. கனமான ஒன்று அதிலிருந்து இறங்கும்போது மூங்கில் முனகுவதுபோல. பிறகு தாழ்வாரத்து மரப்பலகையில் ஈரத்துணி இழுபடும் சத்தம். மெதுவாக. நின்று நின்று. மரத்தடுப்புக்கு வெளியே வந்து நின்றது. நனைந்த துணியின் நுனியொன்று மரத்தைத் தடவத் தொடங்கியது, மேலிருந்து கீழாக, மறுபடி மேலிருந்து கீழாக. பாலின் வாசனை பலகை இடுக்கு வழியே உள்ளே வந்தது.

சாயோ தலையை வடக்கே திருப்பினாள். வாய் திறந்தது. நாக்கு காற்றைத் தேடியது. உதடுகள் குவிந்தன, விரிந்தன. பிறகு அழுதாள். இத்தனை நாளில் அவன் கேட்டிராத அழுகை. பசியின் அழுகை.

"இல்ல" என்றான். "இல்ல, மிட்சுயே."

இனி அக்காவுக்காகக் காத்திருக்க முடியாது.

மிட்சுயேவின் தையல் பெட்டியில் ஊசி இருந்தது. வெள்ளை நூல் உருண்டை ஒன்று இருந்தது. சிவப்பு இல்லாவிட்டால் போகட்டும். குழந்தையைத் தன் மேல்சட்டைக்குள் மார்போடு சேர்த்து வைத்து, சின்னக் கிமோனோவை மட்டும் கழற்றி விளக்கடியில் விரித்தான். அவன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் ஊசி பிடித்திருக்கிறான். ஆறு வாரத்துக்கு முன், சவப்பெட்டிக்குள் மிட்சுயேவுக்கு உடுத்த வெள்ளைத் துணியைச் சொந்தக்காரப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தைத்தபோது, புருஷன் கையாலும் இரண்டு தையல் விழட்டும் என்று அவனிடம் கொடுத்தார்கள். எப்படித் தைக்க வேண்டும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஏன் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. அன்று கற்றுக்கொண்டபடியே இன்றும் தைத்தான். நூல் முனையை முடிச்சுப் போடாமல் விட்டான். கத்தரியை எடுக்கவில்லை. கழுத்துக்குக் கீழே ஏழு. அங்கிருந்து சாய்வாக ஐந்து. கோணல் மாணலாகத்தான் இருந்தது. ஆனாலும் பன்னிரண்டும் விழுந்தன. நூல் எவ்வளவு நீளம் தொங்க வேண்டும் என்று தெரியாததால் உருண்டையை அப்படியே விட்டுவிட்டான். நீளமாக இருந்தால் நல்லதுதானே.

குழந்தைக்கு உடுத்தினான். வெளியே தடவல் நின்றது.

நின்றேவிட்டது. தமோட்சு மூச்சை விட்டான். அவன் தோள் இறங்கியது. வேலை செய்கிறது.

"தம்பி! தம்பி, கதவத் தெறங்க!"

வாசலில் தொகியே. எழுந்து போய் ஒரு கையால் கதவை இழுத்தான். அசையவில்லை. பனி அடித்து, சட்டத்தோடு இறுகியிருந்தது.

"ரெண்டு கையாலயும் இழுங்க! நான் இந்தப் பக்கம் தள்ளறேன். அந்தத் தெரு பூரா மூடிப்போச்சு, சுத்திக்கிட்டு வந்தேன்."

அவன் திரும்பிப் பார்த்தான். காப்பு போட்டாகிவிட்டது. தடுப்பில் கட்டை இருக்கிறது. ஆறடி தூரம். சாயோவை மெத்தையில் படுக்க வைத்தான். இரண்டு கையாலும் கதவைப் பிடித்தான். ஒன்று. இரண்டு. மூன்றாவது இழுப்பில் கதவு விலகி, பனியும் தொகியேவும் சேர்ந்து உள்ளே விழுந்தார்கள். அவள் கையில் சிவப்பு நூல்.

"நானே போட்டுட்டேன்க்கா" என்றான். அவன் குரலில் பெருமை இருந்தது.

பின்னால் ஏதோ உருண்டது.

நூல் உருண்டை. சாயோ இல்லாத வெறும் மெத்தைக்குப் பக்கத்தில், தரைப்பாயில், துள்ளித் துள்ளி உருண்டு, சின்னதாகிக்கொண்டே இருந்தது. நூல் பாயின் மேல் ஓடி, தாழ்வாரத்தைத் தாண்டி, திறந்திருந்த தடுப்பின் வழியே வெளியே போய்க்கொண்டிருந்தது. குறுக்குக் கட்டை பக்கத்தில் ஒழுங்காகச் சாத்தி வைக்கப்பட்டிருந்தது.

பாய்ந்தான். உருண்டையைப் பிடித்தான். நூல் விறைத்தது.

வெளியே, பனிக்கு நடுவில், மூங்கிலில் கிமோனோ தொங்கியது. இப்போது இந்தப் பக்கம் பார்த்து. அதன் முன்பக்கம் மூடியிருந்தது. மார்பருகே துணி உருண்டையாகப் புடைத்திருந்தது. நூல் அந்தக் கழுத்து மடிப்புக்குள் போயிற்று. உள்ளே சப்புக்கொட்டும் சின்னச் சத்தம்.

"இழுங்க!" என்றாள் தொகியே. "அதுக்குத்தானே அந்த நூல், இழுங்க!" பிறகு அவன் கையைப் பார்த்தாள். உருண்டையைப் பார்த்தாள். வெள்ளை நூல். அறுபடாத நூல். "தம்பி. இருங்க. முடிச்சுப் போட்டீங்களா?"

"முடிச்சா?"

"நுனியில. மொதத் தையலுக்கு முந்தி."

"இல்ல. அன்னிக்குச் சொல்லிக் குடுத்தீங்களே. அதே மாதிரிதான்."

தொகியே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அது போறவங்களுக்கு" என்றாள் விரல்களுக்குள். "அவங்களக் கட்டிப் போடக் கூடாதுன்னு... பிள்ளைக்கு யாராவது... ஐயோ, இழுக்காதீங்க. இழுத்தா உருவிக்கிட்டு வந்துடும்."

அவன் ஒரு காலைத் தாழ்வாரத்திலிருந்து கீழே வைத்தான். மூங்கிலில் கிமோனோவின் இரண்டு கைகளும் உள்நோக்கிச் சுருங்கின. நூல் வெடுக்கென்று இழுத்தது. விரலில் உணர்ந்தான். சின்னச் சின்ன வழுக்கல்கள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. உள்ளே சாயோ ஒரு முறை வீறிட்டாள்.

காலைத் திரும்ப எடுத்துக்கொண்டான். மீதித் தையல்களை எண்ணினான்.

எட்டு.

இழுக்கக் கூடாது. விடக் கூடாது. நகரக் கூடாது. கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் நூலை வைத்துக்கொண்டு அவன் முழங்காலில் நின்றான். நூல் துடித்தது. தாளம். இழுப்பு, விடுப்பு. இழுப்பு, விடுப்பு. குடித்துக்கொண்டிருக்கிறாள். அவன் மகள். அந்தச் சின்ன வாயின் இழுப்பு ஒவ்வொன்றும் பனியைத் தாண்டி வந்து அவன் விரலில் தட்டியது. பக்கத்தில் தொகியே தங்கையின் பெயரைச் சொல்லி ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தாள். பனி எல்லாச் சொல்லையும் வாங்கிக்கொண்டது.

இழுப்பு மெதுவானது.

இன்னும் மெதுவானது.

வயிறு நிறைந்துவிட்டது.

கிமோனோவின் வலது கை மூங்கிலிலிருந்து தானாக உருவி வெளியே வந்தது. உள்ளே ஒன்றும் இல்லாத கை. அது தொங்கவில்லை. வளைந்து, மார்புப் புடைப்பைச் சுற்றிக்கொண்டு, குழந்தையின் முதுகுக்குப் போய், ஏப்பம் வரத் தாய்மார் செய்வது போல, மெல்லத் தட்டத் தொடங்கியது. ஒரு தட்டு. விரலில் ஒரு வழுக்கல். மீதி ஏழு.

ஒரு தட்டு.